முகம் பார்த்தலும் முகநூல் பார்த்தலும்

யாழ்ப்பாணத்து வழக்கிலே ‘முகங்கொடுத்துக் கதைத்தல்’ என்றொரு தொடர் உண்டு. உறவினர் வீடொன்றுக்குச் சென்று மீண்டவர், “போனனான், ஆனால் மனிசன் முகங்குடுத்துக் கதைக்கேல்லை” என்று குறைப்படுவராயின், அவ்வீட்டார் கதிரை தரவில்லை என்பதோ தேநீர் தரவில்லை என்பதோ அதன் கருத்தன்று. அவையெல்லாந் தந்து, கேட்டவற்றுக்கு மறுமொழியுங் கூறியிருக்கலாம். கொடுக்கப்படாதது முகம் ஒன்றே. முகத்தை ஒருவர்க்குக் கொடுத்தற்குரிய பொருளாகக் கருதிய வழக்கு இது. வந்தாரை எதிர்கொண்டு கூறும் இன்சொல்லுக்கு முகமன் என்று பெயர். ஒருவரோடு கொண்ட உறவை அடியோடு அறுப்பவர் கூறும் இறுதிச் சொல், ‘இனி உன் முகத்தில் விழியேன்’ என்பது. உறவு தொடங்குதலும் நிலைத்தலும் முறிதலும் முகத்தினிடத்தே நிகழ்வன என்று நம்மவர் கருதியமைக்கு இச்சொற்களே போதிய சான்றாகும்.

2004 ஆம் ஆண்டு மாசி மாதத்தில், அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து மாணவர் மார்க் சக்கர்பேர்க், தம் தோழர் சிலருடன் சேர்ந்து ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினார். அந்நாட்டுக் கல்லூரிகளிலே, புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும்பொருட்டு, அவர்தம் படங்களையும் பெயர்களையும் தொகுத்து வழங்கும் சிறு நூல் ஒன்று உண்டு. அந்நூலின் பெயரையே அவர் தம் தளத்துக்கும் இட்டார். நம்மவர் அதனை முகநூல் என மொழிபெயர்த்தனர். ஆகவே அப்பெயர் தொடக்கத்திற் குறித்தது, நாளை நேரிற் காணவிருப்பவரை இன்று படத்திற் பார்த்து வைத்துக்கொள்ளுதற்கான ஒரு கையேட்டையே. காணுதற்கு முன்னோடியாயிருந்தது காணுதற்கு மாற்றாக எவ்வாறு ஆயிற்று, யாருக்கு ஆயிற்று, யாருக்கு ஆகவில்லை என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இப்பொருள்பற்றி மேடைகளிலே பேசப்படுவன பெரும்பாலும் ஒருதலையாகவே உள்ளன. பரிசளிப்பு விழாக்களிற் பேசுவோர், இளைஞர் கைத்தொலைபேசியாற் கெட்டனர் என்று வருந்துவர். வருந்திய அன்றிரவே தாம் பேசும் படத்தைத் தாமே முகநூலில் ஏற்றுவர். யானும் அவருள் ஒருவனாதலின் அவரைக் குறைகூற வல்லேனல்லேன். பாடசாலையும் உறவும் ஊரும் பற்றிய பதினொரு வட்ஸ்அப் குழுக்களில் என் பெயர் உண்டு. அன்றியும், ‘தொலைபேசியைத் தூர வையுங்கள், பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்’ என்னும் அறிவுரை, மக்களும் பேரரும் ஓரூரிற் கூடி வாழுஞ் சமுதாயத்துக்குப் பொருந்துவது. நம் சமுதாயம் அத்தன்மையதன்று. 1983 ஆம் ஆண்டின் பின் பெருகிய புலம்பெயர்வினால், ஒரு தாயின் ஐந்து மக்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் மெல்போணிலுமாகச் சிதறி வாழ்தல் இங்கே புதுமையன்று. பக்கத்தில் இருப்பவரைப் பார் என்றால், அத்தாய்க்குப் பக்கத்தில் இருப்பவர் யார்?

போர்க்காலத்தை அறிந்தவர்க்கு இது நன்கு விளங்கும். கடிதம் வந்து சேர வாரங்களாகும், சிலவேளை மாதங்களாகும். செஞ்சிலுவையாளர் மூலம் வருஞ் சில வரிச் செய்தியை ஊர் முழுவதுங் கூடி வாசித்த நாட்கள் உண்டு. பிரயாண அனுமதி பெற்றுக் கொழும்புக்குச் சென்று, தொலைத்தொடர்பு நிலையமொன்றிற் காத்திருந்து, மகனின் குரலைச் சில நிமிடங் கேட்டு, பேசவந்தவற்றுள் ஒன்றையும் பேசாமல் அழுது மீண்ட தாய்மார் பலர். அவருள் இன்று உயிரோடிருப்போர், காலை எழுந்தவுடன் பேரப்பிள்ளை தவழ்தலைக் கைத்தொலைபேசியிற் காண்கின்றனர். அவர்களிடஞ் சென்று அதனைத் தூர வையுங்கள் என்று கூற எனக்கு நாவெழாது.

2019 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் என் தாயார் இறந்தார். என் தமையனார் கனடாவில் வாழ்பவர். அப்போது இருதய சத்திரசிகிச்சை செய்து இரண்டு வாரங்கூட ஆகாத நிலையில் இருந்தார். விமானம் ஏற மருத்துவர் இசையவில்லை. கிரியை இங்கே முற்பகல் பத்து மணிக்குத் தொடங்கியது. ரொறன்ரோவில் அப்பொழுது நள்ளிரவு கடந்து அரைமணி. என் மகன் ஒரு கதிரைமேல் ஏறி நின்று தொலைபேசியைப் பிடித்திருந்தான். திரையிலே தமையனார் முழுகி, வேட்டி உடுத்து, திருநீறணிந்து, தனியறையிற் கதிரையின் நுனியில் இருந்தார். “தம்பி, போனை அம்மாவின்ரை கால்மாட்டுக்குக் கொண்டுவரச் சொல்லு” என்றார். கொண்டுசென்றபோது, சத்திரசிகிச்சைப் புண்ணையும் பொருட்படுத்தாது எழுந்து நிலத்தில் வீழ்ந்து வணங்கினார். திரையில் வெறுங்கதிரை மட்டுந் தெரிந்தது. பந்தலில் நின்றோர் அதனைக் கண்டு வாய்விட்டு அழுதனர். சுடலையில் இணைப்பு அறுந்துவிட்டது. தாய்க்குக் கொள்ளிவைக்குங் கடன் இளைய மகனாகிய எனக்குரியது. அதனை அவர் காணவில்லை. ஆயினும், அன்று எம் வீட்டுக்கு அவர் வரவில்லை என்று சொல்லத் துணிவார் அவ்வூரில் ஒருவருமில்லை.

தொலைவிலிருந்து கொள்ளும் உறவு உறவாகாது என்பாரை மறுத்தற்கு நம் இலக்கியத்திற் பெருஞ் சான்று ஒன்று உண்டு. உயர்தர வகுப்பில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அதனைப் பன்முறை எடுத்துரைப்பர். சோழநாட்டு உறையூரில் அரசாண்டவன் கோப்பெருஞ்சோழன். பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினர் புலவர் ஆந்தையார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் தன்மையை ஒருவர் கேள்வியால் அறிந்து நட்புக் கொண்டனர். குமரியிலிருந்து வடக்கே செல்லும் அன்னத்தை நோக்கி, உறையூரில் இறங்கிச் சோழனிடம் தம் பெயரைச் சொல்லுமாறு புலவர் பாடியது புறநானூற்றில் உள்ளது. இக்காலத்தார் அதனைக் குறுஞ்செய்தி என்பர் போலும். திருக்குறளின் நட்பு அதிகாரத்துக்கு உரைவகுத்த பரிமேலழகரும், உடன் பழகாமலே உணர்ச்சியொப்பினால் நட்பு நிலைத்தற்கு இவ்விருவரையே எடுத்துக்காட்டினார்.

முகநூல் நட்பைப் போற்றுவோர் இவ்வரலாற்றை இவ்வளவில் நிறுத்திக்கொள்வர். எம் ஆசிரியரோ இதற்குப் பின்புதான் கதிரையிலிருந்து எழுவார். மக்களோடு நேர்ந்த பகையினால் அரசு துறந்த சோழன் வடக்கிருந்து உயிர்நீக்கத் துணிந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் வையுங்கள் என்றான். ஒருநாளுங் காணாதவர் இத்தனை தொலைவு கடந்து இறக்க வருவாரோ என்று சூழ இருந்தோர் ஐயுற்றனர். புலவர் வந்தார், வைத்த இடத்தில் அமர்ந்தார், உடன் உயிர்நீத்தார். அங்கிருந்த பொத்தியார் என்னும் புலவர் வியந்து பாடியது அவர்தம் செய்திகளை அன்று, வருகையையே. இன்னொன்றும் உண்டு. வந்தவரைக் கண்ட சான்றோர், இத்தனை ஆண்டு கடந்தும் உமக்கு நரை இல்லையே என்று வினாவினர். ஆண்டுக்கணக்காகப் பெயரால் அறிந்த ஒருவரை நேரிற் கண்டவுடன் கண்ணிற் பட்டது தலைமயிர்! எந்த அன்னமும் அதனைச் சொல்லியிருக்கவில்லை. இவ்விடத்தில் ஆசிரியர் தம் நரைத்த தலையைத் தடவிச் சிரிப்பர், வகுப்பும் சிரிக்கும்.

அவ்வாசிரியர் 2022 ஆம் ஆண்டு ஆடி மாதத்திற் காலமானார். எரிபொருளின்றி நாடு தவித்த காலம் அது. என் மோட்டார் சைக்கிளில் ஒரு துளி பெற்றோலும் இல்லை. அவர் வீடு எம் ஊரிலிருந்து ஏழு மைல். செய்தி கிடைத்த இரவே இருந்து அவர்பற்றி நீண்டதோர் இரங்கலுரை எழுதி முகநூலில் இட்டேன். பிசிராந்தையார் வரலாற்றை அவர் கற்பித்த திறத்தை வியந்து அதில் ஒரு பந்தி இருந்தது என்பதை இங்கே மறைத்தல் நேர்மையன்று. நானூற்றுக்கு மேற்பட்டோர் அதற்கு விருப்பக்குறி இட்டனர். பழைய மாணவர் பலர் வெளிநாடுகளிலிருந்து எழுதினர். மறுநாள் முழுவதும் அவர்களுக்கு மறுமொழி எழுதுவதிலே கழிந்தது. அந்த மறுநாள்தான் அவர் உடல் வீட்டிற் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சென்றேன். ஆசிரியரின் துணைவியார் உள்வீட்டில் இருந்தார். என்னைக் கண்டவுடன், “தம்பி, நீர் எழுதினதைப் பிள்ளையள் வாசிச்சுக் காட்டினவை. வடிவாய் எழுதியிருந்தீர்” என்றார். சற்றுப் பொறுத்து, “அண்டைக்கு நீர் வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார். பெற்றோல் இல்லாமையைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். என் வீட்டுக் கொட்டிலில் ஒரு துவிச்சக்கரவண்டி நின்றது. 1998 ஆம் ஆண்டில் அதே ஏழு மைலையும் அவ்வண்டியிற் கடந்தே அவரிடம் மாலைப் பாடங் கேட்கச் சென்றேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரொறன்ரோவிலிருந்த தமையனார் திரையில் வந்தார். ஏழு மைலில் இருந்த யான் திரையாற் போகாதொழிந்தேன். கருவி ஒன்றே. பல்லாயிரம் மைலும் ஏழு மைலும் அதற்கு வேறல்ல. கருவிக்குத் தூரந் தெரியாது. தூரம் அறிந்து அதனைக் கையாளும் பொறுப்பு எடுத்தவரைச் சார்ந்தது. எத்தனை மணிநேரம் பார்த்தாய் என்று வினாவுவதிலும், நீ போகக்கூடிய இடத்தில் இருந்தவர் யார், போகக்கூடாத தொலைவில் இருந்தவர் யார் என்று வினாவுதலே தகும் என்று அன்றுமுதல் எண்ணிவருகின்றேன்.

என் இரங்கலுரையில் இல்லாதது யாது என்பதையும் எண்ணிப் பார்த்தேன். தொல்காப்பியப் பொருளதிகாரத்திலே மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உள்ளத்துணர்வு மெய்யின்கட் புலப்படுதல் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல் முதலாக அவை எட்டு என்றும், ஒவ்வொன்றும் நந்நான்கு காரணத்தாற் பிறக்கும் என்றும் ஆசிரியர் வகுத்தார். அழுகைக்குரிய நான்கனுள் இழவும் ஒன்று. முகநூலாரும் மெய்ப்பாடு வகுத்துள்ளனர். 2009 ஆம் ஆண்டிலே விருப்பம் என்னும் ஒன்றையே தந்தனர். மரணச் செய்திக்கும் விருப்பம் என்று குறியிடவேண்டியிருந்த இடர்ப்பாட்டை நம்மிற் பலர் மறந்திரார். 2016 ஆம் ஆண்டில் அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், சினம் என ஐந்தைச் சேர்த்தனர். 2020 ஆம் ஆண்டு நோய்க்காலத்தில் அரவணைப்பு என்னும் ஏழாவது வந்தது. தொல்காப்பியர் எண்ணிக்கையை எட்டுதற்கு இன்னும் ஒன்றே குறை என்று நண்பர் ஒருவர் நகைத்தார். எண்ணிக்கையன்று வேறுபாடு. கண்ணீரும் மெய்ம்மயிர் சிலிர்த்தலும் குரல் தழுதழுத்தலும் ஒருவர் தெரிந்தெடுத்து இடுவனவல்ல. அவரைக் கேளாமலே வருவன. ஆகையாலேதான் எதிரில் இருப்பவர் அவற்றை நம்புகின்றார். செத்தவீட்டு முற்றத்தில் என்ன சொல்வதென்று அறியாது நிற்பவனின் தடுமாற்றமும் அவ்வீட்டாருக்கு ஓர் ஆறுதலே. என் உரையிலே தடுமாற்றம் இருக்கவில்லை. நான்கு முறை திருத்தி எழுதியிருந்தேன்.

முகங்காணாமை துயரத்தைத் தடுப்பது ஒருபுறமாக, சினத்தை வளர்ப்பதற்கும் இந்நாட்டிற் சான்று உண்டு. 2018 ஆம் ஆண்டு பங்குனியிலே கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல் மூண்டபோது, முகநூல் வழியாகப் பரவிய வெறுப்புப் பேச்சும் வதந்தியும் அதற்கு நெய்வார்த்தன. அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கிவைத்தது. தம் தளம் அவ்வாறு பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனத்தார் 2020 ஆம் ஆண்டில் வருத்தந் தெரிவித்தனர். எரிந்த கடைகளின் உரிமையாளர் நாள்தோறும் பலர் முகம் பார்த்துப் பழகியவர் என்பதை நோக்க, நெடுநாட் பழக்கமும் சில நாட் செய்திகளுக்குத் தோற்றதோ என்று அஞ்சவேண்டியிருக்கின்றது.

இனி, போகலாம் என்று அறிந்தும் போகாமல் நம்மை இருத்திவைக்கும் ஆற்றல் இக்கருவிக்கு எங்ஙனம் வந்தது? அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர், பேர்ஸ்ரர் என்பாருடன் சேர்ந்து 1957 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கந் தரும். கூட்டிலுள்ள புறா ஒரு விசையைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்று வரையறுத்தால், தானியம் பெற்றவுடன் புறா சற்று ஓய்ந்திருக்கும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி அமைத்தால், ஓய்வின்றி விரைந்து கொத்தும். தானியத்தை நிறுத்திய பின்னும் நெடுநேரங் கொத்தும். தொலைபேசியை எடுக்குந்தோறும் நற்செய்தி இருப்பதில்லை. ஒருபோதும் இல்லாமற் போவதுமில்லை. நாம் கொத்துகின்றோம். இதன்மேல், 2006 ஆம் ஆண்டிலே அசா ரஸ்கின் என்பவர் வகுத்த முடிவில்லாப் பக்கமும் சேர்ந்தது. கீழே தள்ளத் தள்ளப் புதியது வந்துகொண்டே இருக்கும். இதனை வகுத்தமைக்கு அவர் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார். நம் ஏடுகளும் நூல்களும் ‘முற்றிற்று’ என்ற சொல்லோடு முடிவன. அச்சொல் வாசித்தவனை எழுந்துபோக விடுத்தது. விளம்பரத்தால் வருவாய் பெறும் நிறுவனத்துக்கு, வாசிப்பவன் எழுந்துபோதல் இழப்பு.

இவ்வளவில், சமூக ஊடகம் நஞ்சு என்று முடிவுகட்டிவிடலாமோ எனின், ஆகாது. ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை. 1998 ஆம் ஆண்டில் றொபேட் கிறவுட் என்பாரும் குழுவினரும் பிற்ஸ்பேர்க் நகரில் 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேரை ஆராய்ந்து, இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியோர் வீட்டாரோடு பேசுதல் குறைந்தது, தனிமையுணர்வு கூடியது என வெளியிட்டனர். அக்கூற்று இன்றும் மேடைகளில் எடுத்தாளப்படுகின்றது. அவர்களே 2002 ஆம் ஆண்டில் மீள ஆராய்ந்து, அத்தீமைகள் பெரிதும் மறைந்துவிட்டன என்று எழுதியதை எடுத்துரைப்பார் இலர். இரண்டாம் ஆய்வில் வேறொன்று புலனாயிற்று. பலரோடு பழகும் இயல்பினர்க்கும் உற்றார் துணை உள்ளவர்க்கும் இணையம் நன்மை தந்தது. ஒதுங்கும் இயல்பினர்க்கும் துணையற்றோர்க்கும் தீமை தந்தது. உள்ளவன் மேலும் பெற்றான். இல்லாதவன் உள்ளதையும் இழந்தான்.

2018 ஆம் ஆண்டில் ஹண்ட் அல்கொட் முதலிய பொருளியலறிஞர், அமெரிக்கர் பலரை நான்கு வாரம் முகநூலை விட்டிருக்கச் செய்து ஆராய்ந்தனர். முடிவு 2020 ஆம் ஆண்டு வெளிவந்தது. நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணிநேரம் மிஞ்சியது. அந்நேரத்தின் ஒரு பகுதி உறவினரோடும் நண்பரோடும் கழிந்தது. ஒரு பகுதி தனியே தொலைக்காட்சி பார்ப்பதிற் கழிந்தது! மனநிறைவு சிறிது கூடியது. நாட்டுநடப்பு அறிவு குறைந்தது. இளைஞர்பற்றி ஒக்ஸ்போட் அறிஞர் ஓபனும் சிபில்ஸ்கியும் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வோ, திரைக்கருவிப் பயன்பாடு அவர்தம் மனநல வேறுபாட்டில் நூற்றுக்கு 0.4 பங்குக்கு மேல் விளக்கவில்லை என்றது. சராசரி என்பது ஆறு முழ ஆழமும் அரை முழ ஆழமும் உள்ள குளத்துக்கு ஒரே ஆழஞ் சொல்வது போன்றதாகையால், அந்தச் சிறு எண்ணிற் பெற்றோர் முற்றும் அமைதிகொள்ளுதலும் தகாது. அவுஸ்திரேலிய அரசு, பதினாறு வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்குஞ் சட்டத்தை 2024 ஆம் ஆண்டில் நிறைவேற்றி, 2025 மார்கழியில் நடைமுறைப்படுத்தியது. வட்ஸ்அப் போன்ற செய்திப் பரிமாற்றங்கள் அத்தடையுள் அடங்கவில்லை. மெல்போணிலுள்ள பேத்தி உரும்பராயிலுள்ள பாட்டியோடு பேசலாம். ஊர்பேர் தெரியாதார் கூத்தை முடிவின்றிப் பார்த்திருக்கத்தான் தடை. சட்டம் முழுதும் பயன்தருமோ அறியேன். இவ்வேறுபாட்டைக் கண்டது நன்று.

கருவி மனிதரைக் கூட்டியும் வைக்கும் என்பதற்கு என் இளமையிற் கண்ட ஒன்றைக் கூறாமற் போகமுடியாது. 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை; வானொலிக்கு மின்கலம் கிடைத்தல் அரிது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி இழுப்போம். இரவிலே பி.பி.சி. தமிழோசை தொடங்குமுன் ஒழுங்கையார் எல்லாம் எம் முற்றத்திற் கூடுவர். சுற்றுபவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். இன்னொருவன் எழுந்து பிடிப்பான். செய்தி முடிந்த பின்பும் ஒருவரும் எழார், கேட்டதைப்பற்றிக் கதைப்பர். தனியொருவன் அவ்வானொலியைக் கேட்டிருத்தல் அரிது. இன்றைய தொலைபேசியைச் சுற்றப் பிறர் கை வேண்டுவதில்லை. ஆகவே பிறரும் வேண்டப்படுவதில்லை. அக்காலத்து வறுமைக்கும் அச்சத்துக்கும் மீளவேண்டும் என்று எவரும் விரும்பார். ஆயினும் அம்முற்றத்தை நான் மறந்திலேன்.

எம் வீட்டிற் செய்துகொண்ட ஒழுங்கு அதனை ஒருவாறு தழுவியதே. ஞாயிறு மாலை தமையனார் அழைக்கும்போது, தொலைபேசியை ஒருவர் கையிற் கொண்டு மூலைக்குச் செல்வதில்லை. விறாந்தையில் ஒரு முக்காலியிற் செம்பொன்றிற் சாத்திவைத்து, வீட்டில் உள்ளவர் யாவரும் சுற்றி இருப்போம். திரையில் வருபவரும் விருந்தினரே. அவ்வேளை படலையில் ஆள் வந்தால் அவரையும் அழைத்து இருத்துவோம். முதலிற் பிள்ளைகள் சலித்தனர். இப்பொழுது பெரியப்பா என்ன சமைத்தார் என்று கேட்டு நகையாடுகின்றனர். உணவு வேளையில் மட்டும் தொலைபேசிகள் அடுப்படிக்கு வருவதில்லை. இதனை மீறியவர் பட்டியலில் முதற்பெயர் என்னுடையதே என்று என் மனைவியார் கூறுவர்.

வகுப்பறையில் விடயம் வேறு. 2020 ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினோம். அப்பொழுது ஒரு வியப்பைக் கண்டேன். வகுப்பில் ஈராண்டாக வாய்திறவாத மாணவன் ஒருவன் இரவிற் கேள்விமேற் கேள்வி எழுதினான், நல்ல கேள்விகள். பாடசாலை திறந்த பின்னும் எழுதுவதையே விரும்பினான். யான் வெளிவாரியாகப் படித்துப் பட்டம் பெற்றவன். பாடக்குறிப்பைத் தனியே வைத்துக்கொண்டு, கேட்பதற்கு ஆளின்றி இருந்த இரவுகளை அறிவேன். ஆதலின் அவனை மறுக்க மனம் வரவில்லை. ஆனால், கேள்வியின் பாதிக்கு மட்டும் மறுமொழி எழுதி, “மிச்சத்துக்கு நாளைக்கு இடைவேளைக்கு வா” என்று முடித்தேன். இருமுறை அவன் வரவில்லை. மூன்றாம் முறை வந்து, ஆசிரியர் அறை வாயிலில் நிலத்தைப் பார்த்து நின்றான். அவன் ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கித் திக்கியபோதுதான், அவன் ஏன் வாய்திறவாதிருந்தான் என்பது எனக்கு விளங்கிற்று. ஈராண்டு என் வகுப்பில் இருந்தவன்! நேரே இருந்தவனுக்கு நான் முகங்கொடுத்ததில்லை என்பதையும், அதனைத் தெரிவித்தது அந்தத் தொலைபேசியே என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் முகப்பிலே சங்கடப்படலை என்று கூரையிட்ட வாயில் ஒன்று இருக்கும். வழிப்போக்கர் அங்கே தங்கி இளைப்பாறுவர். வீட்டாரை அழைப்பவர் அங்கே நின்று குரல்கொடுப்பர். அம்மாணவனுக்கு வட்ஸ்அப் அத்தகைய படலையாயிற்று. படலையில் நின்று குரல்கொடுத்தவனை உள்ளே அழைத்தல் வீட்டுக்காரன் கடன். வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர்க்கும் இதில் ஒரு விண்ணப்பம் உண்டு. சூம் கூட்டங் கூடிக் கட்டட நிதி சேர்ப்பதில் அவர்க்கு நிகர் அவரே. ஊருக்கு வரும்போது கல்லூரி வாயிலிற் படமெடுத்துக் குழுவில் இட்டுத் திரும்பிவிடாது, ஒரு பாடவேளையேனும் மாணவர் நடுவே வந்திருந்து கதைத்துச் செல்வாராயின், அப்பிள்ளைகள் கட்டடத்திலும் அதனை நெடுங்காலம் நினைப்பர்.

சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள் ஆசிரியரின் வீட்டுக்குச் சென்றேன். பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது. எனினும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றேன். துணைவியார் மோதகமும் தேநீருந் தந்து, முன்விறாந்தையில் என்னெதிரே இருந்தார். பேசிக்கொண்டிருக்கையில் அவர் மகள் வெளிநாட்டிலிருந்து அழைத்தார். யான் விடைபெற எழுந்தேன். “இரும் தம்பி” என்று கையமர்த்தி, தொலைபேசியை என் பக்கம் திருப்பி, “இஞ்சை ஆர் வந்திருக்கினம் எண்டு பார் பிள்ளை, அப்பாவிட்டைப் படிச்சவர், சைக்கிளிலை வந்திருக்கிறார்” என்றார். மூவருமாக அவர் கணவரைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். யான் படலைக்கு வந்தபோது பொழுது பட்டுவிட்டது.